உப்பு போடாத ஃபாஸூலியா

அயின் தீனே
சனிக்கிழமை, பிற்பகல்

தம்பி நதீமுக்கு,

உன் மூத்தவன் ஷக்கீப் எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன், வீடும் நின்றுகொண்டிருக்கிறது. யாரும் கேட்காவிட்டாலும் கடிதத்தை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று அப்பா பழக்கியிருக்கிறார். உன் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் நலமாக இருக்கட்டும். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருத்தப்படும் அளவுக்கு அவர்களை நீ என் கண்ணில் காட்டியதில்லை.

தெரேஸின் மகன் சாவோ பாவுலோவுக்குத் திரும்புகிறான். அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புவேன். நீ ஞாயிறுதோறும் கத்தாஸ் வீட்டுக்குப் போன் செய்து பேசுகிறாய் என்று ஊருக்கே தெரியும். சித்தப்பா மகனோடு அவ்வளவு பேச உனக்கு என்ன இருக்கிறதோ. என் வீட்டிலும் ஒரு போன் இருக்கிறது. அதன்மேல் பூனை படுத்துத் தூங்குகிறது. ஒரு நாளும் அது திடுக்கிட்டு எழுந்ததில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றேன். முக்தார் நௌஃபல் வந்து தோளில் கை போட்டார். ஊருக்குத் தலைவர் ஆனதிலிருந்து அவர் காரணமில்லாமல் யார் தோளையும் தொடுவதில்லை. "உஸ்தாத், அடுத்த ஞாயிறு உங்க வீட்லதான் சாப்பாடு. நான் வர்றேன், நம்ம அபூனா வர்றாரு, கத்தாஸும் அவன் வீட்டுக்காரியும் வர்றாங்க. பீன்ஸும் கறியும் போட்டு நீங்க வைக்கிற ஃபாஸூலியாவச் சாப்பிட்டு எவ்வளவு காலமாச்சு" என்றார், கோயிலுக்குள் இருக்கும் சிலுவைக்கும் கேட்கும்படி. பாதிரியார் அபூனா ஹன்னா பக்கத்தில்தான் நின்றார். மலையில் பனி விழுந்திருக்கிறதா என்று ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வருகிறேன் என்பவனிடம் வராதே என்று சொல்லும் வாய் நம் மலையில் யாருக்கும் இல்லை. "தலைமேல வெச்சுத் தாங்குறேன்" என்றேன். வேறென்ன சொல்வது?

கத்தாஸ் சற்றுத் தள்ளிக் கைத்தடி ஊன்றி நின்றான். அந்தக் குளிரில் காலில் பூட்ஸ் இல்லை, வீட்டுக்குள் போடுகிற செருப்பு. தன்னைப் பனியும் ஒன்றும் செய்யாது என்று ஊருக்குக் காட்டுகிறானாம். "உஸ்தாத், நாங்க வந்தா அன்னைக்குப் பூனை பட்டினியா, இல்ல அதுக்கும் சேத்து வைப்பியா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளாத பள்ளிக்கூட வாத்தியாரை உஸ்தாத் என்று கூப்பிட்டுச் சிரிப்பது இந்த ஊரின் பழைய பொழுதுபோக்கு.

எதற்கு வருகிறார்கள் என்று உனக்குப் புரிந்திருக்கும். இல்லை, பிரேசிலில் கரைந்துபோய் மறந்திருப்பாய், சொல்கிறேன். வரும் வியாழக்கிழமை ஸஹ்லே கோர்ட்டில் நம் வழக்கு. மேல்தட்டு நிலத்தில் கத்தாஸ் ஆழ்கிணறு தோண்டி மோட்டார் வைத்த பிறகு, நம் கீழ்த்தட்டு ஊற்று செத்துவிட்டது. ஆகஸ்டு மாதத்திலும் வற்றாத ஊற்று. இப்போது அதில் ஒரு குடம் நிறைவதற்குள் ஒருவன் ஜெபமாலை சொல்லி முடித்துவிடலாம். அப்பா வைத்த ஆப்பிள் மரங்களில் மேல் வரிசை பட்டுவிட்டது. இந்தக் கோடையில் தண்ணீர் வராவிட்டால் மிச்சமும் விறகுதான். பாதி மரம் உன் பெயரில் இருக்கிறது, நினைவிருக்கட்டும். வழக்குக்கு உன் கையெழுத்து கேட்டு எழுதினேன். "அண்ணா, சொந்தத்துக்குள்ள எதுக்கு" என்று பதில் போட்டாய். கையெழுத்து வர ஒரு வருஷம் ஆனது.

சாட்சி சொல்ல என்னை விட்டால் ஆளில்லை. கிணறு தோண்டுவதற்கு முன்னும் பின்னும் ஊற்றை அளந்தவன் நான் ஒருவன்தான். என் வாயை மூடினால் வழக்கு முடிந்தது. வாயை மூட நம்மூரில் ஒரே வழிதான் உண்டு. ஒருவனோடு உட்கார்ந்து ரொட்டியும் உப்பும் தின்றுவிட்டால், பிறகு அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல முடியாது. சொன்னால் நாய்கூட வீட்டு வாசலை மிதிக்காது. அப்பா தன் கழுதையைத் திருடியவனுக்கு எதிராகக்கூட வாய் திறக்கவில்லையே, எப்போதோ ஒரு சந்தைநாளில் அவனோடு ஒரு ரொட்டியைப் பிய்த்துத் தின்றதற்காக. நாம் இருவரும் அன்று வெட்கப்பட்டோம். ஊர் அப்பாவைப் புகழ்ந்தது. கழுதை திரும்பவில்லை.

ஆகவே கத்தாஸ் வருவான், என் ரொட்டியையும் உப்பையும் தின்பான். பிறகு காப்பிக் கோப்பையைக் கையில் வாங்கிக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு, "நான் கேக்கறத நீ குடுத்தாத்தான் குடிப்பேன்" என்பான். அபூனா பெருமூச்சு விடுவார். முக்தார் என் முகத்தைப் பார்ப்பார். எல்லாம் ஏற்பாடு.

நான் படித்தவன், நதீம். தலைமை ஆசிரியர் நாற்காலியை என்னிடமிருந்து பறித்து நௌஃபலின் மச்சானுக்குக் கொடுத்தார்கள் என்பதால் என் படிப்பு போய்விடவில்லை. அவர்கள் வரட்டும். வயிறு நிறையச் சாப்பிடட்டும். ஆனால் என் மேஜையில் ரொட்டியும் இருக்காது, உப்பும் இருக்காது. கத்தாஸ் எதைத் தின்றாலும் என் உப்பைத் தின்றதாக ஆகாது.

பீன்ஸை ஊறவைத்துவிட்டேன். கத்தாஸின் கிணற்றுத் தண்ணீரில் விளைந்தது வேண்டாம் என்று கீழூரிலிருந்து வாங்கியது. கசாப்புக்கடை தௌஃபீக்கிடம் ஆட்டு முன்னங்கால் இரண்டு, நல்லியெலும்போடு, கேட்டேன். "என்ன உஸ்தாத், பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்களா?" என்றான். எதிரி வருகிறான் என்றேன். "அப்ப நல்ல கறியாத் தர்றேன்" என்று உள்ளே போய் வேறு கால் எடுத்து வந்தான். இந்த ஊரில் எனக்குத் தெரிந்து அவன் ஒருவன்தான் புத்திசாலி.

ஞாயிறு, காலை

பானை கொதிக்கிறது. கோயிலுக்குப் போகவில்லை, அபூனாவே இங்கே வரப்போகிறார், கடவுளும் கூட வரட்டும்.

உப்பில்லாமல் சமைப்பது எவ்வளவு கஷ்டம் என்று நேற்றுவரை தெரியாது. முதலில் வீட்டிலிருக்கும் எதுவும் உதவாது. வெயிலில் காயவைத்த தக்காளி விழுதில் கைப்பிடி கைப்பிடியாக உப்பு. பனிக்காலத்துக்குக் கொழுப்பில் போட்டு வைத்த கறியில் உப்பு. வெண்ணெய்கூட உப்பு வெண்ணெய். ஆலிவ், வெள்ளைப் பாலாடைக்கட்டி, டர்னிப் ஊறுகாய், திராட்சை இலை, எதைத் திறந்தாலும் உப்பு. நாம் பனிக்காலத்தைத் தாண்டுவதே உப்பை நம்பித்தான் போலிருக்கிறது. ஜாடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அம்மாவின் அறையில் வைத்துப் பூட்டினேன். ரொட்டியையும் அங்கேயே கொண்டுபோனேன். பேக்கரிக்காரன் மாவில் உப்பு போடாமல் விடமாட்டான். சமையலறை அலமாரி வெறிச்சென்று நின்றது. எனக்கே கொஞ்சம் கூசியது. அதனால் கதவைச் சாத்தினேன்.

கடைக்குப் போய்ப் பச்சைத் தக்காளி மாதிரி வெளிறிய கண்ணாடிக் கூடாரத்தில் வளர்த்த தக்காளி வாங்கி வந்தேன். ஆட்டுக்காலை எண்ணெயில் வதக்கி, நிறம் திரும்பியதும் தண்ணீர் ஊற்றி, நுரையை எடுத்துக்கொண்டே இருந்தேன். நுரை எடுக்காமல் விட்டால் சாறு கலங்கும். அவன் தின்பதாக இருந்தாலும் என் பானையில் கலங்கல் சாறு கொதிக்காது. பட்டை ஒரு துண்டு, பிரிஞ்சி இலை, ஏழு மசாலாப் பொடி. பீன்ஸைத் தனியாக ஒரு கொதி விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கறியோடு சேர்த்தேன். வெங்காயம் கண்ணாடியாகும்வரை வதங்கி உள்ளே போனது. தக்காளி போனது.

பூண்டுதான் என்னைக் கேலி செய்தது. உப்புக்கல் போட்டு இடித்தால்தான் பூண்டு உரலில் அடங்கி நிற்கும். உப்பில்லாமல் ஒவ்வொரு பல்லாகத் துள்ளிப் போய் அடுப்புக்குக் கீழே விழுந்தது. ஐம்பது தாண்டியவன் தரையில் குப்புறப் படுத்துப் பூண்டு தேடினேன். பூனை என் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. கடைசியில் கத்தியால் நசுக்கி, கொத்தமல்லித் தழையோடு எண்ணெயில் பொரித்துக் கொட்டினேன். அந்த வாசனை எழும்பியபோது, சொன்னால் நீ நம்பமாட்டாய், ஒரு கணம் யாருக்குச் சமைக்கிறேன் என்பதே மறந்துவிட்டது.

பீன்ஸ் வெந்து விரலில் நசுங்கும்போதுதான் உப்பு போடவேண்டும். முன்னால் போட்டால் தோல் இறுகிவிடும். அந்த நேரம் இப்போது வந்தது. கை தானாக அலமாரிக்குப் போனது. அங்கே ஜாடி இல்லை. அம்மாவின் அறைச் சாவி என் பையில் இருந்தது. கொஞ்ச நேரம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு எலுமிச்சம்பழம் பிழிந்தேன், இன்னொன்றும் பிழிந்தேன். ருசி பார்த்தேன். கெட்டுப்போன சாப்பாடு என்று சொல்ல முடியாது. ஊமைச் சாப்பாடு. கறி இருக்கிறது, பூண்டு இருக்கிறது, எல்லாம் இருக்கின்றன. யாரும் யாரோடும் பேசவில்லை.

கார்ச் சத்தம் கேட்கிறது. பேனாவை வைக்கிறேன்.

திங்கள்கிழமை

நதீம், இதை எழுதும்போது பேனா காகிதத்தைக் கிழிக்கிறது. கோபத்தில் கிழிக்கிறது, வேறு எதிலும் இல்லை.

வந்தார்கள், உட்கார்ந்தார்கள். சூப்பும், பக்கத்தில் சேமியா வறுத்துப் போட்ட சோறும் வைத்தேன். வேறெதுவும் இல்லை. அபூனா ஆசீர்வதித்தார். முதல் கரண்டியை வாயில் வைத்த முக்தாரின் மீசை நின்றுவிட்டது. "உஸ்தாத், கொஞ்சம் உப்பு…" என்றார்.

வீட்டில் உப்பு இல்லை என்றேன்.

"உப்பு இல்லாத வீடா?" என்று மேஜையை இடமிருந்து வலமாகப் பார்த்தார். "ஆலிவ்?" இல்லை என்றேன். "ஊறுகா?" இல்லை. "ரொட்டிகூடவா?" ரொட்டியும் இல்லை என்றேன். ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்தது. அபூனாவுக்கும் புரிந்தது. கரண்டியைத் தட்டின் ஓரத்தில் சத்தம் வராமல் வைத்தார்.

நான் கத்தாஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்காகத்தானே இவ்வளவும். முதல் கரண்டியை வாயில் வைத்து, விழுங்காமல் என் கண்ணைப் பார்த்தான். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. எழுந்து போகட்டும் என்று காத்திருந்தேன். விழுங்கினான். இரண்டாவது கரண்டி எடுத்தான். பிறகு குனிந்து தின்னத் தொடங்கினான், அறுவடைக் கூலிக்காரனைப்போல.

அப்போது அவன் மனைவி நுஹாத் அழ ஆரம்பித்தாள்.

"பாத்தீங்களா அபூனா," என்றாள். "ஆலிவ் வெக்கல. ஊறுகா வெக்கல. ரொட்டிகூட ஒளிச்சு வெச்சுட்டாரு. கண்ணுல பட்டா என் வீட்டுக்காரரு கை நீளும்னுதானே? சொந்தக்காரங்க வீட்லகூட யாரும் இப்படிச் செய்யல உஸ்தாத். என் அக்காவே, ஒருநாள் தின்னா செத்தா போவாருன்னா."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளே சொன்னாள். கத்தாஸின் இதயம் பாதிதான் வேலை செய்கிறதாம். உடம்பில் நீர் கோத்து, கால் பூட்ஸுக்குள் நுழையாத அளவு வீங்குகிறதாம். பெய்ரூத் டாக்டர் உப்பு விஷம் என்று சொல்லி ஒரு வருஷத்துக்கு மேலாகிறதாம். ஊருக்குத் தெரிந்தால் கேவலம் என்று யாரிடமும் சொல்லவிடாமல் அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். "எங்கே போனாலும் ஒரு வாய் வெச்சுட்டு வயிறு சரியில்லன்னு எழுந்துடுவாரு. திமிரு புடிச்சவன்னு எல்லாரும் பேசுறாங்க. நதீம்கிட்ட மட்டும்தான் போன்ல சொல்லி அழுதேன். அவன் உங்ககிட்ட சொல்லிட்டான்போல. சொன்னதும் நல்லதாப் போச்சு. இவரு எல்லாரோடயும் உக்காந்து ஒரே பானையில திங்கிறத ஒரு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் பாக்குறேன்."

உனக்குத் தெரியும். ஒரு வருஷமாகத் தெரியும். அம்மாவின் நாற்பதாம் நாள் சாப்பாட்டில் ஊர் முழுக்கப் பார்க்க ஒரு வாய் வைத்துவிட்டு அவன் தட்டைத் தள்ளினானே, அதை உனக்கு எழுதினேன். பக்கம் பக்கமாக எழுதினேன். அம்மாவின் ஆத்துமாவையே தள்ளிவிட்டான் என்று எழுதினேன். நீ என்ன பதில் போட்டாய்? "விடுங்கண்ணா" என்று ஒரு வரி. ஒரே ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தால் உன் கை ஒடிந்திருக்குமா? சத்தியம் செய்தவள் நுஹாத், நீ இல்லை. ஒரு வருஷமாக அந்தத் தட்டை வைத்து நான் அவனை வெறுத்து வந்திருக்கிறேன். எவ்வளவு உழைப்பு. அத்தனையும் வீண்.

அபூனா கரண்டியை மறுபடி எடுத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். முக்தார், "அட, நான் வேற என்னமோ நெனச்சு…" என்று முனகிவிட்டுச் சோற்றில் முகம் புதைத்தார். கத்தாஸ் இரண்டாம் தடவை கிண்ணத்தை நீட்டினான், பிறகு மறுபடியும். "அந்த எலும்ப இந்தப் பக்கம் தள்ளு, உஸ்தாத். பூனை மேல பாரபட்சம் காட்டாத" என்றான். நல்லியெலும்பைத் தட்டித் தட்டி உறிஞ்சினான். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, "கைக்குச் சுகம்" என்றான்.

சமைத்தவன் அந்த வாழ்த்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "ரெட்டைச் சுகம்" என்று என் வாய் சொல்லிவிட்டது. நான் சொல்லவில்லை, வாய் சொன்னது.

காப்பி கொண்டுவந்தேன். சரி, இப்போதாவது கேட்பான், கோப்பையைக் கீழே வைப்பான் என்று நின்றேன். இல்லை என்று சொல்ல வார்த்தைகளை ஒரு வாரமாகச் செதுக்கி வைத்திருந்தேன். வாங்கினான், குடித்தான், கோப்பையைக் கவிழ்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் கைத்தடியைத் தேடிக்கொண்டே, "வியாழக்கிழமை கோர்ட்டுல பாப்போம்" என்றான். அவ்வளவுதான்.

இன்று காலை மாவு வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ்ளோ நாளா உங்க மனசு எங்களுக்குத் தெரியாமப் போச்சே உஸ்தாத்" என்றாள். தௌஃபீக் கடையிலிருந்து எட்டிப் பார்த்து, "எதிரிக்கு வெச்ச விருந்து இப்படியா முடியணும்?" என்று சிரிக்கிறான். அவனுக்கு மட்டும் என்மேல் கொஞ்சம் மரியாதை குறைந்திருக்கிறது. அது நியாயம்தான்.

என் விரோதத்தை எடுத்துத் துடைத்து இரக்கம் என்று பெயர் வைத்து ஊர் என்னிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறது. இல்லை, அது விரோதம்தான் என்று வீடு வீடாகப் போய்க் கதவு தட்டிச் சொல்லவா?

சனிக்கிழமை

தெரேஸின் மகனின் விமானம் பனியால் தள்ளிப்போனது. இல்லாவிட்டால் இந்தப் பக்கங்கள் உனக்குக் கிடைத்திருக்காது.

வியாழக்கிழமை கணவாயில் பனி. வேடிக்கை பார்க்கக் கிளம்பிய ஊர்க்காரர்கள் முந்தின நாள் பஸ்ஸிலேயே போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்களில் சக்கரத்துக்குச் சங்கிலி போட்ட கார் முக்தாரிடம் மட்டும்தான் இருந்தது. முன்னால் நுஹாத், பின் இருக்கையில் வாதியும் பிரதிவாதியும். வழி முழுக்க நான் ஒரு ஜன்னலைப் பார்த்தேன், அவன் ஒரு ஜன்னலைப் பார்த்தான்.

நீதிபதி சின்ன வயசுக்காரர். "உறவுக்காரங்கதானே, உக்காந்து பேசித் தீத்துக்கக் கூடாதா?" என்று கேட்டார். முடியாது என்றேன். சாட்சி சொல்ல ஆரம்பித்தேன். ஊற்று என்ன அளவில் ஓடியது, மோட்டார் போட்ட கோடையில் எப்படி இறங்கியது, எந்த மரம் முதலில் இலை உதிர்த்தது. அதற்குள் கத்தாஸின் வக்கீல் எழுந்தான். வாசனைத் தைலம் பூசிய பயல். "ஒரே ஒரு கேள்வி. போன ஞாயிறு என் கட்சிக்காரர் உங்க வீட்டுக்கு வந்து, உங்களோட ஒரே மேஜையில ரொட்டியும் உப்பும் சாப்பிட்டாரு. உண்மையா, இல்லையா?" என்றான்.

கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. நம் ஊர்க்காரர்கள் பின்வரிசை முழுக்க இருந்தார்கள். நான் எதிர்பார்த்துக் காத்திருந்த கேள்வி, நதீம். இதற்காகத்தான் ஜாடிகளைத் தூக்கிப் பூட்டினேன். தரையில் படுத்துப் பூண்டு பொறுக்கினேன். ரொட்டியும் இல்லை, உப்பும் இல்லை, வேண்டுமென்றேதான் வைக்கவில்லை என்று சொன்னால் போதும். வாயைத் திறந்தேன். நுஹாத் முன்வரிசையில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்த வாயை மூடினேன். நீதிபதி, "பதில் சொல்லுங்க" என்றார்.

கத்தாஸ் எழுந்தான். எழுவதற்கே கைத்தடியும் வக்கீலின் தோளும் தேவைப்பட்டன. "ஐயா, இந்தக் கேள்விய நான் கேக்கச் சொல்லல" என்றான். "அன்னைக்கு ரொட்டியும் கிடையாது, உப்பும் கிடையாது. நான் இதய நோயாளி, எனக்கு உப்பு ஆகாது. இவன் போட்டது உப்பில்லாத சோறு. எனக்கும் இவனுக்கும் நடுவுல உப்பு இல்ல. தாராளமா சாட்சி சொல்லட்டும்."

ஒரு வருஷமாக மனைவியிடம் சத்தியம் வாங்கி மறைத்ததை, நம் ஊர் முழுக்க உட்கார்ந்திருந்த கூடத்தில் அவன் வாயாலேயே சொன்னான். வக்கீல் தலையில் கை வைத்தான். நான் சாட்சி சொன்னேன். ஒன்றையும் விடவில்லை, குரலையும் தாழ்த்தவில்லை. வசந்தத்தில் அரசாங்கப் பொறியாளர் வந்து பார்க்கும்வரை மோட்டாருக்கு முத்திரை வைக்கச் சொல்லி நீதிபதி உத்தரவு போட்டார். உன் பாதி மரங்களும் பிழைக்கும். நன்றி எழுத வேண்டாம்.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. முக்தார் காரை எடுக்கப் போனார், நுஹாத் மருந்து வாங்க ஓடினாள். படியில் நானும் அவனும்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். ஒரே கார் என்பதால் நானும் நின்றேன்.

"நல்லாப் பேசின உஸ்தாத். ஒரு வார்த்த பொய்யில்ல" என்றான்.

அடுத்த திருப்பத்தில், "உப்பு ஏன் போடலன்னு எனக்குத் தெரியும்" என்றான். "மொத கரண்டிலயே தெரியும். நானும் இதே மலையிலதான் பொறந்தேன். நீ என்ன நெனச்சு அந்த ஆலிவ ஒளிச்சிருப்பன்னு அங்கயே சிரிப்பு வந்துச்சு."

பிறகு ஏன் தின்றாய் என்று கேட்டேன். அந்த மனுஷனிடம் நானாக ஒரு கேள்வி கேட்டது எத்தனையோ காலத்துக்குப் பிறகு அதுதான்.

"நுஹாத் அவிக்கிற காய்கறியத் தின்னு பாத்திருக்கியா நீ?" என்றான். "விரோதத்துல வெச்சாலும் உன் சூப்பு சூப்புதான்டா. பூண்டு மட்டும் சரியா இடிபடல." மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தான். பிறகு சிரிப்பு போய்விட்டது. "அவகிட்ட சொல்லிடாத. வீட்டுக்கு வந்து ராத்திரி பூரா உன்னப் பத்தித்தான் பேசினா. நெனச்சுட்டுப் போகட்டும்."

கீழே வந்ததும் கார்க் கதவைப் பிடித்தபடி, "நாளான்னைக்கு ஞாயித்துக்கிழமை இல்ல?" என்றான். நாளை மறுநாள் இல்லை, அதற்கும் மறுநாள் என்று திருத்தினேன். "அதான். வருவேன்" என்றான். கேட்கவில்லை, சொன்னான்.

வழக்கில் நான் ஜெயித்தேன். இந்தப் பனிக்காலம் முழுக்க ஊர் பேசப்போவது அவன் எழுந்து நின்றதைப் பற்றித்தான். அதிலும் என்னை முந்திவிட்டான். அவனை நான் மன்னிக்கவில்லை, இதை ஊருக்கும் உனக்கும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கிணறு கிணறுதான். பட்டுப்போன மரம் பட்டுப்போனதுதான். பீன்ஸ் ஊறிக்கொண்டிருக்கிறது. இந்தத் தடவை பூண்டுக்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன்: கொத்தமல்லி விதையைக் கொஞ்சம் வறுத்து உரலில் சேர்த்தால் துள்ளாமல் நிற்கிறது.

உன்னிடம் இரண்டு கேட்கிறேன். ஒன்று, ஞாயிறு போனில் நுஹாத்திடம் பேசும்போது, நீ எனக்கு எதுவும் சொல்லவில்லை என்பதை வாய் தவறியும் சொல்லிவிடாதே. நீதான் எனக்குச் சொன்னாய். ஒரு வருஷத்துக்கு முன்பே சொன்னாய். உனக்கும் அதில் நல்ல பெயர்தான், எடுத்துக்கொள்.

மற்றொன்று. ஆப்பிள் பழுக்கும்போது வருகிறேன் என்று வருஷாவருஷம் கத்தாஸிடம் சொல்கிறாயாமே. பழுக்கும்வரை காத்திருக்காதே. பூக்கும்போது வா. ஏன் என்று கேட்டு எனக்குக் கடிதம் போடாதே. அவன் மூச்சு வாங்கிய அந்தப் படியில் நீ நின்றிருந்தால் கேட்கமாட்டாய்.

வந்தால் இந்த வீட்டில் உனக்குக் கட்டில் உண்டு. உன் கிண்ணத்தில் உப்பு போடுவேனா என்பதை வந்த பிறகு முடிவு செய்வேன். கர்த்தர் உனக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். உன்மேல் எனக்குள்ள கோபமெல்லாம் சொல்லி முடிக்க அவ்வளவு காலம் வேண்டும்.

உன் அண்ணன்,
ஷக்கீப்